ஃபோ வெந்நீர் மாதிரி இருக்காது

கீழக்கரையில் புதிதாகத் திறந்த வியட்நாம் கடையில் கோழி ஃபோ, அதாவது எலும்புச் சாற்றில் அரிசி நூடுல்ஸ் போட்ட வியட்நாம் சூப், பார்சல் வாங்கினீர்கள். காரமும் இல்லை, வெந்நீரில் சோயா சாஸ் ஊற்றியது போல் இருந்தது, நூடுல்ஸும் குழைந்துவிட்டது, ஃபோ என்றாலே இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரம் இல்லாதது குறை இல்லை. மிளகாயும் எலுமிச்சையும் நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் சாறு சப்பென்று இருக்கவே கூடாது. கோழி எலும்பு சிறுதீயில் இரண்டு மூன்று மணி நேரமாவது கொதிக்கணும், மாட்டெலும்பு என்றால் இன்னும் அதிகம். இஞ்சியையும் வெங்காயத்தையும் நெருப்பில் சுட்டுக் கருக்கிப் போடுவார்கள். அன்னாசிப்பூ, பட்டை வாசம் கிண்ணம் வரும்போதே மூக்கில் ஏறும். உங்களுக்குச் சூப் கட்டியைக் கரைத்துக் கொடுத்துவிட்டார்கள் போல.

உப்புச் சுவை சோயாவில் இல்லை, மீன் சாஸில். நெத்திலியையும் உப்பையும் தொட்டியில் போட்டு ஏறக்குறைய ஒரு வருடம் ஊறவிட்டு வடிப்பது அது. நெத்திலி காய்கிற கரையில் உட்கார்ந்துகொண்டு சோயா சாஸா! அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நூடுல்ஸ் விஷயத்தில் மட்டும் கடையைத் திட்ட மாட்டேன். அரிசி நூடுல்ஸ் சாற்றில் கொஞ்ச நேரம் கிடந்தாலே ஊறிவிடும். சரி, அடுத்த முறை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். பார்சல்தான் என்றால் சாற்றைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். அப்புறம், எலும்புச் சாறு இன்றைக்கு வைத்தார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பதில் சொல்ல மழுப்பினால் பக்கத்துக் கடைப் பரோட்டாவே மேல்.