சைலன்சர் வாய் பெரிசு, பைப் சிறிசு

கேள்வி: என்னுடையது 2004 மாடல் மாருதி 800. சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானதால், பழைய சாமான் கடையில் வேறொரு வண்டியின் சைலன்சரை வாங்கி வந்துவிட்டேன். முன்னாலிருந்து வரும் பைப்பின் வெளிவிட்டம் 38 மி.மீ., சைலன்சர் வாயின் உள்விட்டம் 42. நடுவில் ஒண்ணேகால் இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் துண்டு வைத்து வெல்டு அடித்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா? (வாசகர், திருச்செங்கோடு)

பதில்: அளந்து எழுதியிருக்கிறீர்கள், நன்றி. பலர் ‘கொஞ்சம் லூசாக இருக்கிறது’ என்றுதான் எழுதுகிறார்கள்.

ஜி.ஐ. வேண்டாம். முதலில், அது பொருந்தவே பொருந்தாது. தண்ணீர்க் குழாயில் ஒண்ணேகால் இஞ்ச் என்பது வெறும் பெயர்தான், வெளிவிட்டம் 42.4 மி.மீ. இருக்கும், நடுத்தர ரகத்தில் சுவர் 3.2 என்றால் உள்ளே 36தான், ஆக உங்கள் 42-க்குள்ளும் போகாது, 38-ஐயும் உள்ளே விடாது. அப்புறம் அதன் துத்தநாகப் பூச்சு. வெல்டிங் சூட்டில் ஆவியாகி வெண்புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தவருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் போல உடம்பு உதறும். ஒரு டம்ளர் பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. பால் போவது வயிற்றுக்கு, புகை போனது நுரையீரலுக்கு.

லேத் பட்டறையில் சாதாரண இரும்பில் ஒரு புஷ், அதாவது இடைவெளியை நிரப்பும் வளையம், கடையச் சொல்லுங்கள்: உள்ளே 38.2, வெளியே 41.8, நீளம் 50 மி.மீ. அதற்கு முன் துருவைச் சுரண்டிவிட்டு மூன்று நான்கு இடத்தில் மறுபடி அளந்துகொள்ளுங்கள், பழைய பைப் பெரும்பாலும் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். புஷ்ஷைப் பைப்பின் மேல் ஏற்றி பைப் பக்கத்தை மட்டும் வெல்டு செய்தால் போதும். சைலன்சர் வாயில் 20 மி.மீ. நீளத்துக்கு நான்கு வெட்டு போட்டு கிளாம்ப் கட்டுங்கள். அடுத்த முறை கழற்றும்போது கட்டர் தேவைப்படாது.

வேறு வண்டிச் சைலன்சர் என்பதால் கொக்கிகள் உங்கள் வண்டி ரப்பருக்கு நேராக இருக்காது, உண்மையில் விட்டத்தைவிட இதுதான் பெரிய தலைவலி. ரப்பரில் தொங்கவிட்டு, பைப்பின் மேல் பாரம் ஏறாதபடி கொக்கியை மாற்றி ஒட்டிய பிறகே இணைப்பை இறுக்குங்கள். பாரம் பைப்பில் இருந்தால் இன்ஜின் ஆட்டத்தில் வெல்டு விரிந்துவிடும். வெல்டு அடிக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள், பெட்ரோல் டேங்க்கும் குழாயும் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒன்றுக்குள் ஒன்று செருகும்போது எது உள்ளே போக வேண்டும்?

பதில்: இன்ஜின் பக்கத்துப் பைப். புகை ஓடும் திசையில் விளிம்பு எதிரே நிற்கக் கூடாது. 40, 50 மி.மீ. செருகல் இருக்கட்டும்.

கேள்வி: இடைவெளியைப் பேஸ்ட் வைத்தே அடைக்கலாமா?

பதில்: மயிரிழைக் கசிவுக்குச் சரி, சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி என்றால் நிற்காது. இணைப்பைச் சுற்றிக் கரிக் கோடு தெரிந்தால் கசிகிறது என்று அர்த்தம். அதுவும் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, காற்று அதிகம் என்று வண்டியின் கம்ப்யூட்டர் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டிவிடும், மைலேஜ் ஏன் இறங்கியது என்று நீங்கள் கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்கிடம் போய் பிளக்கை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். கசிவு கேபினுக்குக் கீழே என்றால் தள்ளிப்போடவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.