ஜெப வட்டத்துக்கு வெளியே நிற்கும் சிறுமி

கேள்வி: நாங்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். என் மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி பேண்ட் வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் கால்பந்தாட்டம் தொடங்கும் முன் பேண்ட் ஆசிரியர் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, கைகோக்கச் சொல்லி, இயேசுவின் நாமத்தில் ஜெபம் நடத்துகிறார். என் தோழி ஒருத்தி கடவுள் நம்பிக்கை இல்லாதவள். அவளுடைய மகள் மட்டும் வட்டத்துக்கு வெளியே, வாத்தியப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறாள். ஜெபத்தை நிறுத்தச் சொல்லிப் பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தோழி மனு எழுதியிருக்கிறாள். என் கையெழுத்தையும் கேட்கிறாள். சபையில் ஓர் அக்காவிடம் சொன்னேன். “நாத்திகர்களோடு சேர்ந்துகொண்டு ஜெபத்தை நிறுத்தப் போகிறாயா?” என்று கேட்டுவிட்டார். “நமக்கு எதற்கு வம்பு” என்கிறார் கணவர். கையெழுத்துப் போட்டால் அது கர்த்தருக்குச் செய்யும் துரோகமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெக்சாஸ்

பதில்:

அன்புச் சகோதரி,

கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய சில காரியங்கள் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தத் துரோக பயம் போக வேண்டும். உங்கள் சபையின் சொந்த வரலாற்றை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அந்த அக்கா அப்படிக் கேட்டிருக்கவே மாட்டார்.

1760களிலும் 1770களிலும் வர்ஜீனியாவில் ஆங்கிலிகன் சபைதான் அரசாங்கச் சபை. உரிமம் இல்லாமல் பிரசங்கிக்கிறார்கள், பொது அமைதியைக் குலைக்கிறார்கள் என்று சொல்லி பாப்டிஸ்ட் போதகர்கள் பலரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். ஜேம்ஸ் அயர்லாந்து என்ற போதகர் கல்பெப்பர் சிறைக்குள் இருந்தபடியே, வெளியே கூடி நின்றவர்களுக்குக் கம்பிகள் வழியாகப் பிரசங்கித்தார். அவரை உள்ளே தள்ளியவர்கள் யாரும் நாத்திகர்கள் இல்லை. ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போன பக்திமான்கள். அரசாங்கத்தின் அதிகாரமும் அவர்கள் கையில் இருந்தது, அவ்வளவுதான். பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மாடிசன் அப்போது 22 வயது இளைஞர். பக்கத்து மாவட்டத்தில் நல்ல மனிதர்கள் ஐந்தாறு பேர் தங்கள் மதக் கருத்தைச் சொன்னதற்காகச் சிறையில் கிடக்கிறார்கள் என்று 1774 ஜனவரியில் நண்பருக்குக் கொதித்துப்போய் எழுதினார்.

பத்து ஆண்டுகள் கழித்து அதே வர்ஜீனியாவில், கிறிஸ்தவ போதகர்களுக்கு ஊதியம் தர ஒரு வரி விதிக்கலாம் என்று பேட்ரிக் ஹென்றி மசோதா கொண்டுவந்தார். தன் வரிப்பணம் எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்பதைக் கட்டுகிறவரே தீர்மானிக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். பாப்டிஸ்ட்டுகளுக்கும் அதில் பங்கு கிடைத்திருக்கும். அவர்களோ வேண்டாம் என்றார்கள். மாடிசன் 1785இல் எழுதிய எதிர்ப்பு மனுவோடு பாப்டிஸ்ட் சபைகளின் மனுக்களும் குவிந்தன. மசோதா கைவிடப்பட்டது. 1786இல் தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, எந்த மதத்தையும் தடுக்கவும் கூடாது என்ற அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது.

‘அரசுக்கும் சபைக்கும் நடுவே மதில்’ என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிறார்களே, அதை நாடறியச் செய்தது ஜெஃபர்சன் எழுதிய ஒரு கடிதம். அவர் அதை யாருக்கு எழுதினார் தெரியுமா? கனெக்டிகட் மாநிலத்து டான்பரி பாப்டிஸ்ட் சங்கத்துக்கு. அந்த மாநிலத்தில் காங்கிரிகேஷனல் என்ற இன்னொரு புராட்டஸ்டன்ட் சபைதான் அரசுச் சபை. அதற்கான வரியிலிருந்து விலக்குப் பெற வேண்டுமானால், தான் வேறு சபையைச் சேர்ந்தவன் என்று பாப்டிஸ்ட் ஒருவர் சான்றிதழ் கொடுக்க வேண்டும். எங்கள் வழிபாட்டுச் சுதந்திரத்தை உரிமையாக மதிக்காமல் சலுகையாகத் தருகிறார்கள் என்று டான்பரி மக்கள் அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஜெஃபர்சனிடம் முறையிட்டார்கள். 1802 ஜனவரி 1 தேதியிட்ட பதிலில்தான் அந்த மதில் வருகிறது.

அதே நாளில் நடந்த இன்னொரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. மாசசூசெட்ஸின் செஷயர் என்ற ஊரிலிருந்து ஜான் லீலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர், 1,235 பவுண்டு எடையுள்ள ஒரு பிரம்மாண்டமான பாலாடைக் கட்டியைக் கொண்டுவந்து ஜெஃபர்சனிடம் அளித்தார். ஏறக்குறைய 560 கிலோ! அவருடைய ஊர் மக்கள் தங்கள் பசுக்களின் பாலைச் சேர்த்துச் செய்த காணிக்கை அது. ஜெஃபர்சனை ‘கடவுள் இல்லாதவர்’ என்று எதிர்க்கட்சிக்காரர்கள் தேர்தல் மேடைகளில் தூற்றிய காலம். அந்த மனிதருக்கு ஒரு தீவிர பாப்டிஸ்ட் போதகர் இவ்வளவு பெரிய நன்றி சொன்னார். தங்கள் ஜெபத்தில் அரசாங்கம் கைவைக்காமல் இருக்கும் என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம்.

டெக்சாஸில் இன்று பாப்டிஸ்ட்டுகள் பெருங்கூட்டம். கூட்டமாக இருக்கும்போது மதிலின் அருமை மறந்துபோகிறது. வர்ஜீனியாவில் ஆங்கிலிகன்களுக்கும் அப்படித்தான் மறந்துபோயிற்று.

இனி உங்கள் தோழியின் பக்கத்துக்கு வருகிறேன். நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள். கடவுள் இல்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவர்களுக்கு நடந்தவை எனக்கு வலிக்கின்றன. மேரிலாந்து மாநிலத்தில் ராய் டொர்காசோ என்பவருக்கு நோட்டரி பதவி மறுக்கப்பட்டது. கடவுள் இருக்கிறார் என்று உறுதிமொழி கொடுக்க அவர் மறுத்ததுதான் குற்றம். பத்திரத்தில் முத்திரை குத்தும் வேலைக்கு இறை நம்பிக்கை எதற்கு? 1961இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. நீங்கள் வசிக்கும் டெக்சாஸின் சாசனத்திலேயே இன்றும் ஒரு வாசகம் அச்சில் இருக்கிறது: மதத்தைக் காரணம் காட்டி யாருக்கும் பதவியை மறுக்கக் கூடாது, அவர் ஒரு பரம்பொருள் உண்டென்று ஒப்புக்கொள்கிற வரையில். அந்த டொர்காசோ தீர்ப்புக்குப் பிறகு அந்த நிபந்தனை செல்லாது. ஆனாலும் அதை வாசிக்கிறபோது உங்கள் தோழி போன்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேண்ட் குழுவைப் பற்றி நீங்கள் எழுதியதில் என் மனதைத் தைத்தது அந்த வாத்தியப் பெட்டிகள்தான். முதல் வரிசையில் முதல் நாற்காலி யாருக்கு, தனியாக வாசிக்கும் பகுதி யாருக்கு, கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் யாருக்கு என்பதெல்லாம் அந்த ஆசிரியரின் கையில் இருக்கிறது. அவரே கைகளைக் கோக்கச் சொல்லும்போது, ‘விருப்பமில்லாதவர்கள் விலகி நிற்கலாம்’ என்பது பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உண்மையான விருப்பம் ஆகாது. வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டன் ஊரில் ஒரு கால்பந்துப் பயிற்சியாளரின் ஜெபத்தைப் பற்றி வழக்கு நடந்தது. நம்பிக்கை இல்லாத தன் மகன், சேராவிட்டால் ஆட வாய்ப்புக் குறைந்துவிடும் என்று பயந்து அந்த ஜெபத்தில் சேர்ந்துகொண்டான் என்று ஒரு பெற்றோர் சொன்னது அந்த வழக்கில் பதிவாகியிருக்கிறது. வட்டத்துக்கு வெளியே நிற்கும் பெண் தனித்து நிற்கிறாள். வட்டத்துக்குள் நிற்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்த ஜெபத்தைக் கர்த்தர் கேட்டுத்தான் ஆக வேண்டுமா, சகோதரி?

அந்தப் பிரெமர்டன் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் பயிற்சியாளருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆட்டம் முடிந்த பிறகு அவர் தனக்காகச் செய்த ஜெபம் அவருடைய உரிமை என்றார்கள் ஆறு நீதிபதிகள். மூன்று பேர் மறுத்தார்கள். உங்கள் பேண்ட் ஆசிரியரும் இதை எடுத்துக் காட்டக் கூடும். ஆனால் ஆட்டத்துக்கு முன், பணி நேரத்தில், மாணவர்களைக் கூட்டி வைத்து ஜெபத்தை நடத்துவது வேறு. மாணவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்று அந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

உங்கள் டெக்சாஸிலேயே சான்டா ஃபே என்ற ஊரில், பள்ளிக் கால்பந்தாட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் ஜெபம் நடத்தும் ஏற்பாடு இருந்தது. 2000இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. வழக்குப் போட்டவை இரண்டு குடும்பங்கள்: ஒன்று மார்மன், இன்னொன்று கத்தோலிக்கம். இரண்டும் இயேசுவின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிற வீடுகள். 1992இல் இன்னொரு வழக்கு. ரோட் ஐலண்டில் ஒரு பள்ளியின் பட்டமளிப்பு விழாவில் யூத மதகுருவான ரபி ஒருவர் ஜெபம் செய்ததை எதிர்த்தவர்கள் யூதக் குடும்பத்தினர். தங்கள் மதத்துக்காரர் செய்த ஜெபத்தையே அரசுப் பள்ளி மேடையில் வேண்டாம் என்றார்கள்.

ஏன்? எந்த ஜெபம், யாருடைய வார்த்தை என்று தீர்மானிப்பவர் அரசு ஊழியர் ஆகிவிடுகிறார். பத்துக் கட்டளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். விக்கிரகம் செய்யாதே என்பது உங்கள் சபையில் தனியாக இரண்டாம் கட்டளை. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் அதை முதல் கட்டளையோடு சேர்த்து எண்ணுகிறார்கள். யூதர்களின் கணக்கு இன்னொரு விதம். வகுப்பறைச் சுவரில் மாட்டச் சொன்னால் எந்தப் பட்டியலை மாட்டுவது? லூயிசியானா மாநிலம் 2024இல் சட்டம் போட்டு ஒரு வாசகத்தைத் தானே தேர்ந்தெடுத்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் கிறிஸ்தவப் போதகரும் இருந்தார். 1844இல் ஃபிலடெல்ஃபியாவில், தங்கள் பிள்ளைகளுக்குப் புராட்டஸ்டன்ட் வேதாகமத்தைப் பள்ளியில் வாசிக்க வேண்டாம் என்று கத்தோலிக்கர்கள் கேட்டதையொட்டி மூண்ட பகை கலவரமாகி, கத்தோலிக்கக் கோயில்கள் எரிந்தன. மக்கள் செத்தார்கள்.

உங்கள் கணவரின் பயத்தையும் நான் ஒதுக்கவில்லை. சான்டா ஃபே குடும்பங்களின் பெயர்களை நீதிமன்றம் மறைத்து வைக்க நேர்ந்தது. அவர்கள் யார் என்று துருவ முயன்றவர்களை நீதிபதி எச்சரிக்கவும் நேர்ந்தது. ஊர்ப் பகை லேசான விஷயம் இல்லை. அதனால்தான் மனுவுக்கு முன் ஒரு வழி சொல்கிறேன்.

முதலில் மகளிடம் கேளுங்கள். தினமும் அந்த ஆசிரியரின் முகத்தில் விழிக்கப் போகிறவள் அவள்தான். அவளுக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். பிறகு நீங்களும் உங்கள் கணவருமாகப் பேண்ட் ஆசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். தோழியை அழைத்துப் போக வேண்டாம். உங்கள் பலமே நீங்கள் விசுவாசி என்பதுதான். “ஐயா, நாங்கள் ஜெபிக்கிற குடும்பம். உங்கள் ஜெபத்தில் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் ஒரு பிள்ளை தனியே நிற்கிறது, நீங்கள் ஆசிரியர் என்பதால்தான் அப்படி நிற்க நேர்கிறது” என்று சொல்லுங்கள். கெட்ட எண்ணத்தோடு அவர் இதைச் செய்கிறார் என்று நான் நினைக்கவில்லை. யாரும் அவரிடம் நேரில் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவர் ஒப்புக்கொண்டால் மனுவுக்கே வேலை இல்லை. சபையின் ஆயரிடமும் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்; அடுத்தவர் வாயால் அவர் கேட்க வேண்டாம். டான்பரி கடிதம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆசிரியர் மறுத்தால் மனுவை எடுங்கள். அதிலுள்ள வாசகத்தை நீங்கள் மாற்றியாக வேண்டும். “பள்ளியில் ஜெபத்தை நிறுத்துங்கள்” என்று இருந்தால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அது தவறான கோரிக்கை. “பள்ளி ஊழியர்கள் மாணவர்களின் ஜெபத்தை நடத்தவோ ஏற்பாடு செய்யவோ கூடாது; மாணவர்கள் தாங்களாக ஜெபிக்கும் உரிமை அப்படியே இருக்கட்டும்” என்று இருக்க வேண்டும். செப்டம்பரில் கொடிக்கம்பத்தைச் சுற்றி மாணவர்கள் தாங்களாகவே கூடி ஜெபிக்கும் வழக்கம் 1990இல் டெக்சாஸின் பர்லசன் ஊரில்தான் தொடங்கியது. அது அவர்கள் உரிமை. பள்ளியில் மற்ற மாணவர் சங்கங்களுக்கு இடம் உண்டென்றால் ஜெபக் குழுவுக்கும் உண்டு என்று 1984ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. நாத்திக மாணவர்கள் சங்கம் அமைத்தாலும் அதே சட்டம் அவர்களையும் காக்கும்.

இந்த இரண்டாவது பாதியை உங்கள் தோழி மனதார ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஆசிரியர் ஒதுங்கிக்கொண்ட பிறகு, உங்கள் மகளும் இரண்டு மூன்று தோழிகளும் ஒரு மூலையில் நின்று தலை குனிந்து ஜெபித்தால், அதற்காக அவர் இன்னொரு மனு எழுத மாட்டார் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். சொன்னால், அவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள்.