பதிவு நடுவில் நிற்பது ஏன்?

கேள்வி: கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் 16 டிராக் (தனித்தனி ஒலித்தடங்கள்) பதிவு செய்கிறேன். நடுவில் ‘டிஸ்க் வேகம் போதவில்லை’ என்று நின்றுவிடுகிறது. இருப்பது ஒரே ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) வாங்கியே ஆகணுமா?

பதில்: அவசியமில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலித்தரத்தில் ஒரு டிராக்குக்கு நொடிக்கு 144 கேபி. பதினாறுக்கும் சேர்த்து 2.3 எம்பிதான். சாதாரண டிஸ்க்கே தாங்கும். விண்டோஸும் பதிவும் ஒரே டிஸ்க்கில் இருப்பதால் ஹெட் (தகவலைப் படித்து எழுதும் முனை) அங்குமிங்கும் அலைகிறது, அதுதான் வில்லங்கம். பார்ட்டிஷன் பிரித்தாலும் தீராது, ஹெட் தொகுதி ஒன்றுதானே! பதிவுக்கென்று தனியாக ஒரு 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 முறை சுழலும்) டிஸ்க் போடுங்கள். வாங்கும்போது எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிய எழுதும்) வகையா என்று கேட்டு, ஆமென்றால் தவிர்த்துவிடுங்கள். தொடர்ந்து எழுதினால் திணறும். பவர் ஆப்ஷன்ஸில் டிஸ்க் அணையும் நேரத்தை 0 ஆக்குங்கள், அதாவது அணையவே கூடாது. பதிவு ஃபோல்டரை ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்குங்கள். கால்வாசி இடமாவது காலியாக இருக்கட்டும்.