பச்சைப் போத்தல் பழையதா?

கேள்வி: வீடு இடிக்கும் இடமொன்றில் 300 ரூபாய்க்குப் பச்சைக் கண்ணாடிப் போத்தல் வாங்கினேன். பழையதா? உள்ளே வெள்ளைப் படலம் வேறு.
– வாசகி, கல்லடி

பதில்: போத்தலின் பக்கவாட்டில் மேல்நோக்கி ஏறும் அச்சுக் கோடு, அதாவது அச்சின் இரு பாதிகள் சேர்ந்த தடம், இருக்கும்; அதை விரலால் தடவுங்கள், தங்கச்சி. வாயின் விளிம்புவரை ஏறினால் இயந்திர வேலை. தானியங்கிப் போத்தல் இயந்திரம் 1903இல்தான் வந்தது. கழுத்தோடு நின்றால், பெரும்பாலும் வாயைக் கையால் முடித்திருப்பார்கள்; விடாதீர்கள்! படலத்துக்கு ஓர் இரவு வினாகிரி ஊற்றி வையுங்கள். கிணற்றுத் தண்ணீர்ச் சுண்ணாம்பென்றால் போய்விடும். போகவில்லையா, கண்ணாடியே அரித்துவிட்டது. சரி, பூ வைக்கலாம்.

கழுத்தில் கண்ணாடிக் குண்டுள்ள சோடாப் போத்தல் கண்டால் எனக்குச் சொல்லுங்கள். 1872இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. சிறுவயதில் குண்டுக்காக எத்தனையை உடைத்தேன்! இப்போது ஏறாவூர்ப் பழைய சாமான் கடைகளில் தேடி அலைகிறேன்.