எஸ்எஸ்எச்சில் (தூரத்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் செய்து அடித்தால் ஓடும் கட்டளை, வெளியிலிருந்து ஒரே வரியில் அனுப்பினால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறதே, ஏன்?

மென்பொருளில் ஒரு குறையும் இல்லை. மறுபடி இன்ஸ்டால் பண்ணச் சொன்னால் கேட்காதீர்கள். பிரச்சினை பாத்தில்தான், அதாவது கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்ற பட்டியலில்தான் இருக்கும்.

நீங்கள் லாகின் செய்யும்போது பாஷ் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) முதலில் உங்கள் ப்ரொஃபைல் ஃபைலைப் படிக்கும், அப்புறம்தான் கட்டளை வாங்கும். சர்வர் பெயருக்குப் பக்கத்திலேயே கட்டளையையும் சேர்த்துக் கொடுத்தால் அது லாகின் ஷெல் இல்லை, ப்ரொஃபைலைத் தொடாது. பாத் வரியை பாஷ்ஆர்சி என்ற இன்னொரு அமைப்பு ஃபைலில் போட்டிருக்கிறேனே என்பீர்கள். உபுண்டுவில் அந்த ஃபைலின் ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கும்: ஆள் உட்கார்ந்து அடிக்கும் ஷெல் இல்லையென்றால் அத்தோடு வெளியேறு என்று. அதற்குக் கீழே நீங்கள் எழுதிய பாத் வரி ஓடவே ஓடாது.

சோதித்துப் பார்க்க, பாத்தைக் காட்டும் 'எக்கோ டாலர் பாத்' கட்டளையை எஸ்எஸ்எச் வழியாக அனுப்புங்கள். ஒற்றை மேற்கோளுக்குள் போட வேண்டும். இரட்டை மேற்கோள் போட்டால் அனுப்பும் முன்பே உங்கள் கணினி 'டாலர் பாத்' இருக்கும் இடத்தில் தன் பாத்தைப் போட்டுவிடும். உங்கள் பாத்தைப் பார்த்துவிட்டு சர்வரின் பாத் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவீர்கள்.

அநேகமாக நீங்கள் கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டுவது) பேக்கப் போடப் பார்க்கிறீர்கள். அப்படியானால் இதைக் கட்டாயம் படியுங்கள். நாங்கள் பராமரிப்புக்கு எடுத்த ஒரு வாடிக்கையாளரின் சர்வரில், முன்பிருந்தவர்கள் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று ராத்திரிதோறும் ஓடியது. எஸ்எஸ்எச் வழியாக பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நகலெடுக்கும் கட்டளை), அங்கிருந்து பைப் (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்புவது), அப்புறம் சுருக்கும் ஜிஜிப். தேதி போட்ட ஃபைல் தினமும் வந்து விழுந்தது, கிரானும் வெற்றி என்றது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண்தான் ஃபைல்களின் அளவைப் பார்த்தார். எல்லாமே 20 பைட். ஒன்றுமே இல்லாததை ஜிஜிப்பில் சுருக்கினால் வருவது அந்த 20 பைட்தான். போஸ்ட்கிரெஸை சோர்ஸ் கோடிலிருந்து கட்டியிருந்ததால் பிஜி டம்ப் வழக்கமான ஃபோல்டரில் இல்லை. பிஜி டம்ப் இருந்த ஃபோல்டர் ப்ரொஃபைலில் மட்டும்தான் பாத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. பிழைச் செய்தி டெவ் நல்லுக்குள் (போட்டதெல்லாம் காணாமல் போகும் இடம்) போய்விட்டது. பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் ஷெல் எடுத்துக்கொள்ளும், ஜிஜிப் வெற்றி என்றால் மொத்தமும் வெற்றி. டேட்டாபேஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் தப்பித்தார்கள்.

அந்தப் பெண் தமிழ்வழியில் படித்து பாலிடெக்னிக் முடித்தவர். எங்களிடம் வருவதற்கு முன்பு ஏறி இறங்கிய இடங்களிலெல்லாம் 'கம்யூனிகேஷன் போதாது' என்று அனுப்பிவிட்டார்கள். எஸ்எஸ்எச்சின் போர்ட் எண் என்ன என்று இங்கிலீஷில் கேட்பார்களாம். 22 என்று சொல்ல எத்தனை இங்கிலீஷ் வேண்டும்? லாக் படிக்கத் தெரிகிறதா, சந்தேகப்படத் தெரிகிறதா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இந்த ஆத்திரம் எனக்கு அடங்கவில்லை.

சரி, தீர்வு. கட்டளையின் முழுப் பாதையையும் ஸ்கிரிப்டில் எழுதிவிடுங்கள். 'விச் பிஜி டம்ப்' என்று சர்வருக்குள்ளே போய் அடித்தால் பாதை கிடைக்கும். ஸ்கிரிப்ட் பாஷில்தானே ஓடுகிறது? மேலே 'செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில்' போடுங்கள். பைப்பின் நடுவில் எது விழுந்தாலும் அப்போது தோல்வி என்றே வரும். ஃபைல் அளவையும் ஒரு வரியில் சரிபாருங்கள்.

'பாஷ் மைனஸ் எல்சி போட்டால் போதுமே, இதற்கு இவ்வளவு நீட்டி முழக்க வேண்டுமா' என்று சிலர் வருவார்கள். அது கட்டளையை லாகின் ஷெல்லில் ஓட்டி ப்ரொஃபைலைப் படிக்க வைக்கும். போட்டால் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் ப்ரொஃபைலில் யாராவது வரவேற்புச் செய்தி ஒன்றை எக்கோ செய்திருந்தால், அந்த வரியும் டம்ப்போடு சேர்ந்து பேக்கப் ஃபைலுக்குள் போய் உட்காரும். பல சர்வர்களைத் தானாக நிர்வகிக்கும் ஆன்சிபிள் பயன்படுத்தலாமே என்பவர்களுக்கும் சொல்கிறேன்: அதுவும் அடியில் எஸ்எஸ்எச்சில்தான் ஓடுகிறது, அதுவும் உங்கள் ப்ரொஃபைலைப் படிப்பதில்லை.

முழுப் பாதை கொடுத்தும் ஓடவில்லையென்றால், அந்த எக்கோ வரிக்கு என்ன பதில் வந்தது என்று கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். சர்வரின் ஐபி முகவரியைப் போட்டுவிட வேண்டாம்.