பிரெஞ்சு உதவி நிலையத்துக்குப் பிள்ளைகள் ஏன் போவதில்லை?

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவின் மொன்றியலில் இருந்து வந்திருப்பவர்களும், வெளிநாட்டில் படிக்க ஆயத்தமாகும் யாழ்ப்பாண மாணவர்களும் கேட்ட கேள்விகள் இவை. நான் மொன்றியலில் ஒரு சேஜெப் கல்லூரியின் (கியூபெக் மாகாணத்தில் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட கல்லூரி) பிரெஞ்சு உதவி நிலையத்தில் வேலை செய்கிறேன்.

கேள்வி (விடுமுறையில் வந்த தாய், கொக்குவில்): மகளுக்குப் பிரெஞ்சில் புள்ளி குறைவு. உதவி நிலையம் இலவசம், ஆனாலும் போகமாட்டாளாம். சோம்பலா தம்பி?

பதில்: சோம்பல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள் அக்கா. பெரும்பாலும் வெட்கம்தான். முதல் கட்டுரையைத் திருத்திக் கொடுக்கும்போதே ஆசிரியர் "உதவி நிலையத்துக்குப் போ" என்று எழுதிவிடுவார். பிள்ளைக்கு அது தண்டனையாகப் படுகிறது. போனால் எதிரே இருப்பவரும் அநேகமாக அதே கல்லூரி மாணவர். கன்ரீனில் தினமும் காணும் ஒருவருக்கு முன்னால் தன் பிழைகளை விரித்து வைக்க யாருக்கு மனம் வரும்? யாழ்ப்பாணத்தில் வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையும் ரியூசனுக்குப் போகும். போகாவிட்டால்தான் அயலில் ஏனென்று கேட்பார்கள். மொன்றியலில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பழக்கம் தெரியாது. உதவி கேட்டால் மட்டமாக நினைப்பார்கள் என்று பயப்படுகிறது. உங்கள் ரியூசன் காலத்தைப் பற்றி மகளிடம் கதைத்துப் பாருங்கள். "உனக்குப் பிரெஞ்சு வராது, போய்ப் படி" என்று மட்டும் சொல்லவேண்டாம்.

கேள்வி (மொன்றியலில் பிறந்த மாணவர்): நண்பர்களோடு நான் பிரெஞ்சில்தான் கதைக்கிறேன். பிறகு எனக்கு எதற்கு?

பதில்: தம்பி, சரளமாகக் கதைக்கிறவர்கள்தான் எங்களிடம் வருவதே குறைவு. பேசுவதைக் குறிக்கும் "பார்லே" என்ற சொல்லை வாயால் சொல்லும்போது எல்லாம் ஒன்றுதான். எழுத வரும்போது அது வினையின் மூல வடிவமா, முடிந்த செயலா, "நீங்கள்" என்பதற்கு வரும் வடிவமா என்று பார்த்து ஈற்றை மாற்றவேண்டும். காது இதில் உதவாது. பிரெஞ்சு மொழிச் சேஜெப்களில் 1998 முதல் பிரெஞ்சு மொழித் தேர்வில் சித்தியடையாமல் பட்டயம் கிடையாது. நாலரை மணி நேரத்தில் சுமார் 900 சொற்களில் இலக்கியக் கட்டுரை எழுதவேண்டும். மொழிப்பிழை ஏறத்தாழ 30ஐத் தாண்டினால், கருத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரிவராது.

கேள்வி: ஒருதரம் போனேன். கட்டுரையைத் திருத்தித் தரவில்லை. நேரம்தான் வீண்.

பதில்: திருத்தித் தரமாட்டார்கள். பிழை இருக்கும் வரியைக் காட்டி, விதியை உங்களிடமே கேட்பார்கள். முதல் நாள் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் தேர்வு மண்டபத்தில் பக்கத்தில் யாரும் இருக்கப்போவதில்லையே. ஆசிரியர் சிவப்பு மையில் திருத்திய பழைய தாளைக் கொண்டுபோங்கள், வெறுங்கையோடு போகவேண்டாம்.

கேள்வி: பின்னேரம் கடையில் வேலை. எப்போது போவது?

பதில்: இது நியாயமான காரணம், குறை சொல்லமாட்டேன். பருவம் தொடங்கிய முதல் வாரமே பதிந்து, பாடங்களுக்கு இடையில் உள்ள வெற்று மணியைக் கேளுங்கள். தேர்வு நெருங்கினால் இடம் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி (ஏஎல் முடித்தவர், சாவகச்சேரி): நான் பிரான்சுக்குப் போகிறேன். டெல்ஃப் பி2 (பிரெஞ்சு மொழித் திறன் சான்றிதழ்) எடுத்தால் போதாதா?

பதில்: அனுமதிக்குப் பல இடங்களில் போதும் தங்கச்சி. ஆனால் கணக்கைப் பாருங்கள்: நாலு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 100க்கு 50, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 5 இருந்தால் சித்தி. எழுத்தில் 6 எடுத்தும் சான்றிதழ் கையில் வந்துவிடும். அப்படி வந்தால், கல்லூரியில் மொழி உதவி எங்கே கிடைக்கும் என்று போன முதல் வாரமே விசாரியுங்கள். முதல் கட்டுரையில் புள்ளி குறையும்வரை காத்திருக்கவேண்டாம்.