கையால் அச்சிட எந்த முறை? மறைந்துவரும் கிராமத் தொழில்களைப் படமெடுக்கும் வாசகருக்குப் பதில்

கேள்வி: ஏர் உழவு, கொல்லுப் பட்டறை, கூரை வேய்தல் போன்று மறைந்துவரும் கிராமத் தொழில்களைச் சில ஆண்டுகளாக டிஜிட்டல் கேமராவில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்து வருகிறேன். அவற்றைக் கையால் அச்சிட்டுக் கண்காட்சியில் வைக்க விரும்புகிறேன். அச்சுகள் தலைமுறைகள் தாண்டி நிலைக்க வேண்டும். பிளாட்டினம் அச்சுதான் சிறந்தது என்கிறார்கள். இருட்டறை அனுபவம் எனக்கு இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பிளாட்டினத்தைப் பரிந்துரைத்தவர்கள் அதன் ஆயுளை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார்கள்; அதில் பிழையில்லை. ஆனால் எந்தப் படத்துக்கு எந்த முறை என்பதை அந்தப் படத்தின் ஒளியும் நிழலும்தான் தீர்மானிக்க வேண்டும். 1873இல் வில்லியம் வில்லிஸ் காப்புரிமை பெற்ற பிளாட்டினம் முறையில், படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் எதுவும் கிடையாது; உலோகத் துகள்கள் காகித நாரிலேயே படிந்துவிடுவதால் பரப்பு பளபளக்காது, சாம்பல் நிறத்தின் படிநிலைகள் மிக நெருக்கமாக விரியும். அதற்கு ஈடாக இழப்பது கருமையின் ஆழம்: வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசிய காகிதத்தில் எடுக்கும் வழக்கமான இருட்டறை அச்சான ஜெலட்டின் சில்வரின் பளபளப்பான வகையில் கருமை அடர்த்தி (எண் கூடக்கூடக் கருமை ஆழமாகும்) 2ஐத் தாண்டும்போது, பிளாட்டினத்தின் கருமை பெரும்பாலும் 1.5ஐ ஒட்டியே நின்றுவிடும்.

ஆகவே பனிமூட்டத்தில் நடக்கும் உழவு, பாதி வேய்ந்த கூரையின் வைக்கோல் அடுக்குகள், மேகமூட்டத்தின் மெல்லிய ஒளியில் எடுத்த முதியவரின் முகம் போன்றவை பிளாட்டினத்துக்கோ அதன் நெருங்கிய உறவான, சற்று வெதுவெதுப்பான நிறம் தரும் பல்லேடியத்துக்கோ உரியவை. பீட்டர் ஹென்றி எமர்சன் இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்பு நிலங்களில் நாணல் அறுப்போரின் வாழ்க்கையை 1886இல் பிளாட்டினம் அச்சுகளாக வெளியிட்டபோது, ஈரக் காற்றும் சாம்பல் வானமும் நிறைந்த அந்தக் காட்சிகளுக்கு இந்த முறை இயல்பாகவே பொருந்தியது. உங்கள் கொல்லுப் பட்டறைப் படங்களோ வேறு வகை. இருண்ட அறை, நடுவில் உலை நெருப்பு என்ற படத்தைப் பிளாட்டினத்தில் அச்சிட்டால் இருட்டு கரியாக இல்லாமல் வெளிறிய சாம்பலாகத்தான் வரும். அதற்கு ஜெலட்டின் சில்வரே தகும். ஒரே கண்காட்சியில் இரண்டு முறைகள் இருப்பது குறையாகாது.

இருட்டறை அனுபவம் இல்லாதவருக்கு நான் முதலில் சொல்வது, நீல நிறத்தில் படம் தரும் சயனோடைப். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த இந்த முறைக்கு ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு இரசாயனங்களும், வெயிலும், தண்ணீரும் போதும். ஃபெரிசயனைடு மட்டும் வலுவான அமிலத்தோடு சேரக் கூடாது. நச்சு வாயு வெளிவரும். பிசினில் நிறமி கலந்து அச்சிடும் கம் பைக்ரோமேட் முறையை இப்போதைக்குத் தொட வேண்டாம், அதில் பயன்படும் டைக்ரோமேட் புற்றுநோய் விளைவிப்பது.

சயனோடைப்பைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேனே தவிர, கண்காட்சிக்குச் சொல்லவில்லை. உழவரின் முகம் அடர்நீலத்தில் வந்தால் பார்ப்பவர் கண் முகத்தை விட்டு நிறத்துக்குப் போய்விடும். தேயிலைச் சாற்றில் ஊறவைத்து நீலத்தைக் கறுக்கச் செய்பவர்கள் உண்டு. காகிதத்தின் வெண்மையும் அப்போது பழுப்பேறிவிடும். உயிரோடு தொழில் செய்துகொண்டிருப்பவரை நூறாண்டுக்கு முன் வாழ்ந்தவர்போலக் காட்டும் இந்தப் போலிப் பழமை உங்கள் நோக்கத்துக்கே எதிரானது என்பது என் கருத்து.

உண்மையான உழைப்பு நெகடிவில் இருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், சயனோடைப் முறைகளில் நெகடிவைக் காகிதத்தின் மேல் நேரடியாக வைத்து அழுத்தியே அச்சிடுவதால், அச்சின் அளவும் நெகடிவின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்; டிஜிட்டல் கோப்பை இங்க்ஜெட் பிரிண்டரில் தெளிவான ஃபிலிமின் மேல் எதிர்மறையாக அச்சிட்டுக்கொள்ளலாம். முதலில், எதுவும் அச்சிடாத வெறும் ஃபிலிமின் கீழ், கலவை பூசிய காகிதம் இதற்குமேல் கறுக்காது என்ற நிலையை எட்டும் மிகக் குறைந்த நேரத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த நேரத்தை இனி மாற்றாதீர்கள். அடுத்து, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக மாறும் கட்டங்களை ஃபிலிமில் அச்சிட்டு, அதே நேரத்துக்கு ஒளிகாட்டிப் பாருங்கள். அநேகமாக நிழல் பக்கத்துக் கட்டங்கள் பல ஒன்றோடொன்று ஒட்டிக் கரிய பட்டையாகத் தெரியும். அவை தனித்தனியாகப் பிரியும்வரை மென்பொருளில் டோன் கர்வை (கறுப்பு முதல் வெள்ளை வரையிலான படிநிலைகளை மாற்றும் வளைகோட்டை) வளைத்துத் திருத்த வேண்டும். காகிதத்தையோ விளக்கையோ மாற்றினால் இந்தப் பாடு மீண்டும் முதலிலிருந்து. சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் விலையுயர்ந்த பிளாட்டினக் கரைசலைத் தண்ணீராகச் செலவழிக்கிறார்கள்.

இனி எடுக்கப்போகும் படங்களில் வெளிச்சப் பகுதி வெளுத்துப்போகாமல் ரா கோப்பாக (கேமரா தான் பதிந்ததைத் திருத்தாமல் சேமிக்கும் கோப்பாக) எடுங்கள். வெளுத்த வானம் அச்சில் வெறும் காகிதமாகவே நிற்கும். 1972 முதல் 1989 வரை இங்கிலாந்தின் வட டெவன் கிராம வாழ்க்கையை ஆவணப்படுத்திய ஜேம்ஸ் ரவிலியஸ், வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போதும் நிழலில் விவரம் தங்க வேண்டும் என்பதற்காகவே மேற்பூச்சு இல்லாத பழைய லென்ஸ்களைத் தேடிப் பயன்படுத்தினார்.

காகிதம் முழுக்கப் பருத்தியால் ஆனதாகவும், கால்சியம் கார்பனேட் சேர்க்காததாகவும் இருக்க வேண்டும். அந்தக் காரப்பொருள் பிளாட்டினக் கலவையைக் கெடுக்கும், சயனோடைப்பின் நீலத்தையும் நாளடைவில் வெளுக்கவைக்கும். கலவையைப் பூசக் கண்ணாடிக் குச்சி தூரிகையைவிடச் சிக்கனமானது. 8க்கு 10 அங்குலப் பரப்புக்கு ஏறக்குறைய 2 மில்லி போதும். காகிதத்தின் ஓரத்தில் வரியாக ஊற்றி, குச்சியை அழுத்தாமல் ஒரே சீராக இழுத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அழுத்தினால் நார் கிளம்பி, வானப் பகுதியில் கரும்புள்ளிகளாகத் தெரியும்.

ஆயுளைப் பற்றிக் கேட்டீர்கள். பிளாட்டினம் மங்காது, ஆனால் அதைத் தாங்கும் காகிதம் பழுப்பேறும். இரும்பு உப்பின் எச்சம் நீங்காவிட்டால் வெண்மைப் பகுதிகளில் மஞ்சள் கறை தங்கும் என்பதால், இரும்பைப் பிணைத்து வெளியேற்றும் இடிடிஏ (EDTA) கரைசலில் சில முறை மாற்றி ஊறவைத்து நன்றாக அலசுங்கள். பிளாட்டினம் தன்மேல் நெடுங்காலம் படிந்திருக்கும் தாளையும் பழுப்பேறச் செய்து, அதில் படத்தின் மங்கலான பிரதியைப் பதித்துவிடும். எனவே அடுக்கி வைக்கும்போது ஒவ்வோர் அச்சுக்கும் இடையில் அமிலமற்ற தாளை வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். சட்டமிடும்போது பசையால் அட்டையில் முழுவதுமாக ஒட்டாதீர்கள்; மேல் விளிம்பில் ஜப்பானியக் காகிதத் துண்டுகளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால் பின்னர் சேதமில்லாமல் கழற்றலாம்.

அச்சின் பின்புறம் மென்மையான பென்சிலால் படமெடுத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, அச்சு முறை, பதிப்பு எண் ஆகியவற்றை எழுதுங்கள். தொழிலாளியின் பெயரையும், கையில் உள்ள கருவியை அவர் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதுவது நல்லது. தொழில் நின்றபின் கருவி கிடைத்தாலும் அதன் உறுப்புகளின் பெயர்கள் கிடைப்பதில்லை. படத்தைக் காட்சிக்கு வைக்கவும் விற்கவும் அவருடைய சம்மதத்தைத் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் பெறுங்கள், ஏனென்றால் படமெடுக்க ஒப்புக்கொண்டவர் விற்பனைக்கும் ஒப்புக்கொண்டதாக ஆகாது.